டயர் மாற்றுவது தீபாவளிக்கு முன்பா, பின்பா?

நம் சிவகாசியில் எந்தச் செலவைப் பற்றிப் பேசினாலும் "தீபாவளி முடியட்டும் அண்ணாச்சி, பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில்தான் வரும். கடைக்கு வெள்ளையடிப்பதும், வீட்டில் ஓர் அறை எடுப்பதும், பையனுக்கு வண்டி வாங்குவதும் தீபாவளிக்குப் பிறகுதான். பட்டாசுக்காரர்களுக்கு வெளியூர்ப் பாக்கி வசூலாகி, ஊருக்குள் பணம் புழங்குவது அப்போதுதான். நம்முடைய மளிகைப் பற்று வரவும் அதை ஒட்டியே ஓடுகிறது. ஆகவே இந்தப் பழக்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை.

ஆனால் ஒரு செலவை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. அது நம் சரக்கு வண்டியின் டயர்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. தீபாவளியும் இதற்குள்தான் வருகிறது. விருதுநகரிலிருந்து பருப்பும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு நம் வண்டிகள் இரவு பகலாக ஓடுவதும், 'இன்னும் பத்து மூட்டை சேர்த்து ஏற்று' என்று நாம் சொல்வதும் இதே நாட்களில்தான். வெயில் காலம் முழுவதும் ஓடித் தேய்ந்த டயர், அளவுக்கு மீறிய லோடு, மழை ஆகிய மூன்றும் ஒன்றாகக் கூடுகின்ற மாதம் ஐப்பசி. டயரை மாற்றுவதோ கார்த்திகையில், மழை பாதி கடந்த பிறகு!

"நம் ஊர் மழையில்லாத ஊர்தானே" என்று சிலர் சொல்வார்கள். வறண்ட சீதோஷ்ணத்தால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே நிலைத்தன என்பது உண்மையே. ஆனால் எப்போதாவது மழை பெய்கிற ஊரில்தான் ரோடு அதிகம் வழுக்கும். மாதக்கணக்கில் ரோட்டில் சொட்டிய ஆயிலும், டயர் தேய்ந்த துகளும், புழுதியும் படிந்து கிடக்கும். பலத்த மழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடும். முதல் தூறலோ அதைக் குழைத்துப் பூசிவிடுகிறது. தூறல் விழுந்த முதல் அரை மணி நேரத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு இது தெரியும்.

அதோடு நம் கரிசல் மண் வேறு. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் உழுதுவிட்டு ரோட்டில் ஏறுகிற டிராக்டர், சக்கரத்தில் அப்பிய மண்ணை ஒரு பர்லாங்கு தூரத்துக்கு உதிர்த்துக்கொண்டே போகும். காய்ந்திருக்கும்போது அது வெறும் கட்டி. நனைந்துவிட்டால் கிரீஸ் தடவியது போலத்தான். செம்மண் ஊர்க்காரர்கள் இங்கே வந்து வண்டியைச் சாய்த்துக்கொள்வது இதனால்தான். அறுவடை முடிந்ததும் ரோட்டில் காயப்போடுகிற மக்காச்சோளத்தையும் சொல்ல வேண்டும். மழையே இல்லாமல் வழுக்குகிற சமாச்சாரம் அது. மணி ஒவ்வொன்றும் கோலிக்குண்டு போல் டயருக்கடியில் உருளும். (அந்தச் சோளத்தை வாங்குவதும் நம்மில் சிலர்தான். விவசாயிகளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்.)

கார் டயர் ஒவ்வொன்றும் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய உள்ளங்கை அகலம்தான். ஈரத்தில் அந்த இடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்துகொள்கிறது. அதைப் பிதுக்கி வெளியே தள்ளுவதற்காகத்தான் டயரில் காடி வெட்டியிருக்கிறார்கள். காய்ந்த ரோட்டில் மொட்டை டயர்கூடப் பிடிக்கும்; மழையில் கைவிட்டுவிடும். கோடையில் நன்றாக ஓடிய வண்டி ஐப்பசியில் ஏன் சறுக்குகிறது என்பதற்கு விடை இதுதான்.

புது கார் டயரில் காடியின் ஆழம் 7 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், நான்கு சக்கர வண்டிக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கின்றன. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. இது கடைசி எல்லை. மழைக் காலத்துக்கு 3 மில்லிமீட்டராவது இருப்பதே நல்லது. அளந்து பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை, நம் ஊர்த் தீக்குச்சியே போதும். மரக்குச்சியின் கனம் சுமார் 2 மில்லிமீட்டர் (மெழுகுக் குச்சி உதவாது). குச்சியைக் காடிக்குள் படுக்க வைத்து மேலே விரலை ஓட்டுங்கள். குச்சி விரலில் தட்டினால் அந்த டயருக்கு மழை ரோட்டில் வேலையில்லை. நடுவில் ஓர் இடம், இரு ஓரங்களில் ஓரிடம் என்று பார்க்க வேண்டும். அலைன்மென்ட் சரியில்லாத வண்டியில் ஒரு பக்கம் மட்டும் தின்றிருக்கும்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். விமானச் சக்கரம் ஈர ஓடுபாதையில் தண்ணீர் மேல் மிதந்து கட்டுப்பாடு இழப்பதை அமெரிக்காவின் நாசா 1960களில் ஆராய்ந்தது. டயரில் காற்று குறையக் குறைய, குறைந்த வேகத்திலேயே சக்கரம் மிதக்கும் என்று கண்டார்கள். அவர்கள் கணக்குப்படி, தேங்கிய நீரில் 30 பவுண்டு காற்றுள்ள மொட்டை டயர் ஏறக்குறைய 90 கி.மீ. வேகத்தில் மிதக்கும், 20 பவுண்டு என்றால் 75லேயே மிதந்துவிடும். நான்கு வழிச்சாலையில் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே 75 என்பது நம் ஆட்களுக்கு ஒரு வேகமே அல்ல. "மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிக்கும்" என்று பஞ்சர் கடையில் யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

டயர் வாங்கும்போதும் கவனம் வேண்டும். பாக்கெட்டில் தேதி பார்க்காமல் ஒரு கிலோ ரவைகூட எடுக்காத நாம், டயரில் தேதி பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ரப்பர் ஓடாமலே கிடந்தாலும் நம் வெயிலில் இறுகிப்போகும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற முதலாளி காரில் காடி புதிதாகவே தெரியும், ரப்பர் கட்டையாகியிருக்கும். ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கொரு முறை விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். ஈர ரோட்டில் பிடிமானம் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று மத்திய அரசே அளவு வகுத்து, 2022 அக்டோபர் முதல் புதிய வடிவ டயர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இலகு ரகச் சரக்கு வண்டி டயரும் இதில் அடக்கம்.

புது டயர் போட்ட அன்றே மழையில் முழு லோடு ஏற்றி அனுப்புவதும் சரியல்ல. அச்சிலிருந்து டயர் எளிதில் கழன்று வரப் பூசுகிற பொருள் மேலே கொஞ்சம் ஒட்டியிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பிறகே முழுப் பிடிமானமும் வரும். புரட்டாசியிலேயே மாற்றிவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காருக்கு இரண்டு டயர் மட்டும் வாங்குகிறவர்கள் அவற்றை முன்னால் போடுவதே வழக்கம். பின்னால் போடுவதே முறை. முன் சக்கரம் சறுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் சறுக்கினால் வண்டியே சுற்றிவிடும். லாரிக்கு இந்தக் கணக்கு வேறு. பின்னால் ஜோடிச் சக்கரம் இருப்பதால், ஒற்றையாக நிற்கிற முன் சக்கரத்துக்குத்தான் நல்ல டயர்.

ரீட்ரேடிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆகாய விமான டயரையே ரீட்ரேடிங் செய்துதான் ஓட்டுகிறார்கள். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம், 1952இல் ரீட்ரேடிங் ரப்பர் செய்த பிறகுதான் டயருக்கே வந்தது. உள்கட்டு நன்றாக இருக்கும்போது, நல்ல இடத்தில் செய்து, லாரியின் பின் சக்கரத்தில் போட்டால் குற்றமில்லை. நூல் தெரிகிற வரை ஓட்டிவிட்டு அதன்மேல் ரப்பர் ஒட்டி முன்னால் மாட்டுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

ஓட்டுநர்களுக்கு நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான். டயரின் பிடிமானம் நம் கைமுதல் மாதிரி. இருப்பது ஒரே தொகை. முழுவதையும் பிரேக்கில் போட்டுவிட்டால் திருப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்காகும். டீசல் மிச்சம் என்று செங்கோட்டை தாண்டிய மலைப்பாதையில் நியூட்ரலில் இறக்குகிறார்களே, அதற்கு மட்டும் எந்த முதலாளியும் இடம் கொடுக்கக்கூடாது. கியரில் இறங்கினால்தான் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

இதுவரை சொன்னது சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு. நம்மில் பெரும்பாலோர் சரக்கு அனுப்புவது வாடகைக் குட்டியானையில்தான். அந்த வண்டிக்காரரிடம் நடைக்கு ஐம்பது ரூபாய் குறைத்துப் பேசுகிறோம்; நாலு கடைக்குச் சுற்ற வைக்கிறோம்; வாடகையை மாதக் கடைசியில் கொடுக்கிறோம். அவர் பழைய டயர்க் கடையில் இன்னொருவர் கழற்றிப் போட்டதை வாங்கி மாட்டாமல் வேறென்ன செய்வார்? விபத்து என்றால் "டிரைவர் சரியில்லை" என்று சொல்லிவிட்டு, உடைந்த எண்ணெய் டின்னுக்குக் கணக்குப் பார்க்கிறோம். அந்த டயர் தேய்ந்தது நம் சரக்கைச் சுமந்துதான்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. புது டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. விலையைக் காரணம் காட்டியவர்களுக்கு அந்தக் காரணமும் பாதி போயிற்று. ஆவணி மாதத்திலேயே உறுப்பினர்களிடமும், நம் கடைகளுக்கு வாடிக்கையாக ஓடுகிற வண்டிக்காரர்களிடமும் டயர் அளவைக் கேட்டுப் பட்டியல் எடுத்து, சங்கத்தின் பேரில் மொத்தமாக விலை பேசலாம். பருப்புக்கும் சர்க்கரைக்கும் பேசத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமல்ல. வண்டிக்காரர்களுக்கு அவரவர் வாடிக்கைக் கடைக்காரர் முன்பணம் கொடுத்து, நடைக்கு இவ்வளவு என்று தை மாதம் வரை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வட்டி போட வேண்டாம். அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் எடுக்கிற வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் கடைக் கணக்குப்பிள்ளையை இரண்டு நாள் அனுப்பத் தயாராக இருக்கிறேன்.