கிழட்டு ஜிம்மிக்கு ஒரு நோட்டுப் புத்தகம்



நாய் குட்டியாக இருக்கும்போது வீட்டில் எல்லோருக்கும் அது செல்லம். அதற்கு வயதாகிவிட்டாலோ, அது அம்மாவின் பொறுப்பு! மாத்திரை கொடுப்பது, தரையைத் துடைப்பது, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் நம் தலையில்தான். போதாக்குறைக்கு, முதுமையில் வியாதி ஒன்றாக வருவதில்லை. கல்யாண வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து சேர்ந்துவிடுகின்றன. எதை முதலில் கவனிப்பது? இந்த முறை அதைப் பற்றிப் பேசலாம்.

எங்கள் வீட்டு ஜிம்மிக்கு வயது 13. பாமரேனியன் என்று நாம் சொல்லும் வெள்ளை ஜாதி. விவரம் தெரிந்தவர்கள் இந்தியன் ஸ்பிட்ஸ் என்பார்கள். எடை 8 கிலோ. இருதய வால்வில் கசிவு, சிறுநீரகத்தில் பலவீனம், பின்னங்கால் மூட்டுகளில் வாதம், இரண்டு கண்ணிலும் புரை. பல்லில் காறை வேறு. கேட்கவே மலைப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சிறிய ஜாதி நாய்களுக்கு வயதானால் இருதய வால்வு தடித்துக் கசிவது ரொம்ப சகஜம். சிறுநீரகம் மட்டும் கொஞ்சம் கள்ளத்தனமானது. ஏறக்குறைய முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறிக் காட்டும். அதனால்தான் 7, 8 வயதைத் தாண்டிய நாய்க்கு, நன்றாக இருந்தாலும்கூட, வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிட வேண்டும்.

ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு வம்பு

இதுதான் முக்கியமான விஷயம். இருதயம் பலவீனமானால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. அதை வடிக்க, நீர் பிரியும் மாத்திரை கொடுக்கிறார்கள். மூச்சு லேசாகிறது. ஆனால் உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகம் வாடுகிறது. மூட்டு வலிக்கு மாத்திரை கொடுத்தால் நாய் துள்ளிக்கொண்டு நடக்கிறது. அதே மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, வயிற்றையும் புண்ணாக்குகிறது. தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் தாகமும் பசியும் கூடுகின்றன. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்துவிட்டாலோ வயிற்றில் ரத்தக் கசிவே வரலாம்.

ஆகவே இருமலுக்கு ஒருவர், அரிப்புக்கு ஒருவர், நொண்டலுக்கு மருந்துக்கடைக்காரர் என்று போகாதீர்கள். எல்லா மாத்திரையையும் ஒரே டாக்டர் பார்க்க வேண்டும். எங்கள் டாக்டர் சொன்னது இது: "எல்லாத்தையும் ஒரே நாள்ல ஜெயிக்க முடியாதும்மா. எது இப்போ உயிருக்கு ஆபத்தோ, அதை முதல்ல அடக்குவோம். மத்ததை அனுசரிச்சுப் போவோம்." அந்தக் கணக்கில் ஜிம்மிக்கு முதலில் மூச்சு, அடுத்தது சிறுநீரகம், பிறகு வலி, கடைசியில் கண். வலிக்குக்கூட, சிறுநீரகத்துக்குப் பாரம் குறைந்த வேறொரு மருந்தைச் சிறிய அளவில்தான் கொடுத்திருக்கிறார். மருந்தை மாற்றும்போது ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுகிறார். இரண்டை மாற்றினால், எதனால் குணம், எதனால் கெடுதல் என்று எப்படித் தெரியும்?

என் மாமியாருக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. "நாய்க்கு இவ்வளவு வைத்தியமா? காலம் கெட்டுப் போச்சு" என்பார். ஒரு நாள் இந்த மருந்துச் சண்டையை விளக்கிச் சொன்னேன். "எனக்கும் அப்படித்தானேம்மா! முட்டிவலி மாத்திரை போட்டா பிரஷர் ஏறுது, கால் வீங்குது" என்றார். அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் "ஜிம்மிக்கு மாத்திரை கொடுத்தாச்சா?" என்று குரல் கொடுப்பது அவர்தான். தமது மாத்திரை டப்பா பக்கத்தில் ஜிம்மிக்கும் ஒரு டப்பா வைத்து, மேலே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்.

நாலே விஷயம் எழுதுங்கள்

பால் கணக்கு எழுதும் நோட்டு போதும். தினமும் ஐந்து நிமிஷம்.

முதலாவது மூச்சு. நாய் நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவது ஒன்று என்று அரை நிமிஷம் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு 30-க்குள் இருந்தால் நல்லது. நாளுக்கு நாள் ஏறினாலோ, 30-ஐத் தாண்டி நின்றாலோ டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். போன மார்கழியில் ஜிம்மி வழக்கம்போல வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. நோட்டில் மட்டும் 24, 28, 36 என்று ஏறியது. அன்றே காட்டினோம். நீர் கோக்க ஆரம்பித்திருக்கிறது என்று மாத்திரையைக் கூட்டினார். ஒரு வாரம் கழித்து ரத்தம் பார்த்து, சிறுநீரகத்துக்காக மறுபடி கொஞ்சம் குறைத்தார். அந்த மூன்று எண்கள் இல்லாவிட்டால், அது வாயைப் பிளந்து மூச்சு வாங்கிய பிறகுதான் நமக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது தண்ணீர். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது அதிகத் தாகம். சிறுநீரகம், சர்க்கரை, கர்ப்பப்பை எதுவாகவும் இருக்கலாம். வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகிறதே என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள், கூடவே கூடாது!

மூன்றாவது எடை. நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை போதும். நான்காவது, சாப்பாடும் வெளிக்குப் போனதும். இருமல், தள்ளாட்டம், வலிப்பு மாதிரி ஏதாவது வந்தால் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். டாக்டரிடம் போனதும் நாய்க்கு எல்லாம் சரியாகிவிடும், உங்களுக்கே தெரியும்!

சமையலறையில் கவனம்

நம் வீட்டு வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. இபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக் இரண்டும் நாய்க்கு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சேதமும் கொண்டுவரும். பூனைக்கோ பாராசிட்டமால் ஒரே மாத்திரை எமன்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட் எல்லாம் விஷம். ஆகவே சாம்பார் சாதமும் பாயச மிச்சமும் வேண்டாம். இருதயத்துக்கு அப்பளம், ஊறுகாய் உப்பு ஆகாது. சிறுநீரகம் கெட்ட நாய்க்கு ஈரல், எலும்பு, கருவாடு ஆகாது. முட்டையின் வெள்ளைக்கரு நல்லது. எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

டைல்ஸ் தரை வாதக்கார நாய்க்குப் பரம எதிரி. அது நடக்கும் வழியில் பழைய ஜமுக்காளமோ கோணியோ விரியுங்கள். கண் தெரியாததற்காக நாற்காலி, மேஜையை இடம் மாற்றாதீர்கள். கோடையில் வெயில் ஏறுமுன்னே வெளியே கூட்டிப் போய் வந்துவிடுங்கள். பல்லை ஈரத்துணியால் துடைக்கலாம், நம் பற்பசை வேண்டாம்.

சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. வலியில் இருக்கும் நாய், தூக்கத்தில் தொட்டால், எவ்வளவு சாதுவானாலும் கடித்துவிடலாம். அது படுக்கும் மூலைக்குக் குழந்தையை விடாதீர்கள். கிழடாகிவிட்டதே என்று வெறிநோய்த் தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே டாக்டரிடம் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவக்கூடாது.

ஈறு வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ, ஒரு நாள் முழுக்க ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காதீர்கள். கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவம் முடிந்த ஓரிரு மாதத்தில் சோர்ந்து, நிறையத் தண்ணீர் குடித்தால், கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

தனியார் டாக்டர் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எல்லா வசதியும் உண்டு. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாட்டிலும் கல்லூரிகள் இருக்கின்றன.

மனசுக்குக் கஷ்டமான பக்கம்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜிம்மியின் ஐந்து சந்தோஷங்களை எழுதி வைத்திருக்கிறேன். பால்காரரைக் குரைப்பது. திண்ணையில் இளவெயில் காய்வது. சாதம் பிசையும் சத்தத்துக்கு ஓடி வருவது. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் நிற்பது. தெருக்கோடி வேப்பமரம் வரை நடப்பது. நடை போன வருஷமே நின்றுவிட்டது. மற்ற நான்கும் இருக்கின்றன. மூன்று போய்விட்டால், மருந்தை இன்னும் கூட்டுவதா, வலியில்லாமல் போக ஊசி போடச் சொல்வதா என்று டாக்டரிடம் உட்கார்ந்து பேசுவது என் எண்ணம்.

என் கணவர் ஒப்பவில்லை. "இதையெல்லாம் எழுதி வைப்பாங்களா? அபசகுனம்" என்கிறார். அவர் மடியில்தான் அது குட்டியாக வளர்ந்தது. அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் மூச்சுத் திணறும் ராத்திரியில், அழுதுகொண்டு, ஆளுக்கொன்று சொல்லி முடிவு எடுப்பதைவிட, நல்ல நாளில் நிதானமாகப் பேசி வைப்பது மேல் என்று எனக்குப் படுகிறது. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

குழந்தைகளிடம் "ஜிம்மி ஊருக்குப் போயிருக்கு" என்று பொய் சொல்லாதீர்கள். "தூங்க வைத்துவிட்டார்கள்" என்றும் வேண்டாம், சின்னக் குழந்தை தூங்கவே பயப்படும். "அதுக்கு ரொம்ப வயசாச்சு, உடம்பு இனிமே சரியாகாது" என்று உண்மையை மெதுவாகச் சொன்னால் போதும். புரிந்துகொள்வார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கிழட்டு நாயோ பூனையோ இருந்தால், இன்று ராத்திரி அது தூங்கும்போது மூச்சை எண்ணி ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். அந்த ஒரு எண்ணிலிருந்து ஆரம்பித்தால் போதும். மற்றவை தானாக வரும்.