'நெவர்மைண்ட்' செய்யாத கொலை

அமெரிக்க ராக் இசையின் வரலாற்றில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒரு கொலைக் கதை. சிலுப்பிவிட்ட தலைமுடி, முகப்பூச்சு, இறுக்கமான தோலாடை என்று 1980களில் கோலோச்சியவை கிளாம் மெட்டல் குழுக்கள். கசங்கிய சட்டையோடு சியாட்டில் பக்கமிருந்து வந்த நிர்வாணா குழு, 'நெவர்மைண்ட்' என்ற ஒரே ஆல்பத்தால் அவற்றைத் தீர்த்துக்கட்டிவிட்டது என்பது அந்தக் கதை. ஆவணப்படங்கள் சொல்கின்றன, இசைப் பத்திரிகைகள் சொல்கின்றன. அழிந்ததாகச் சொல்லப்படும் குழுக்களின் பழைய உறுப்பினர்களே பேட்டிகளில் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஆண்டுகளின் விற்பனைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை நிற்பதில்லை.

'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பர் 24 அன்று வெளியானது. அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் போனவை சுமார் 46,000 பிரதிகள். பில்போர்டு பட்டியலில் அது நுழைந்த இடம் 144. படிப்படியாக ஏறி, 1992 ஜனவரி 11 தேதியிட்ட பட்டியலில் முதலிடம் பிடித்தது. புரட்சி நடந்த நாளாகக் கொண்டாடப்படுவது இதுதான். ஆனால் அன்று இறக்கப்பட்டது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்'. அதற்கும் கிளாம் மெட்டலுக்கும் எந்த உறவும் இல்லை. முதலிடமும் நிலைக்கவில்லை, அடுத்த வாரமே நாட்டுப்புறப் பாடகர் கார்த் புரூக்ஸ் அதை எடுத்துக்கொண்டார். 'நெவர்மைண்ட்' முதலிடத்தில் இருந்தது மொத்தமே இரண்டு வாரம்.

இதற்குப் பின் நடந்ததைக் கதை சொல்பவர்கள் தொடுவதே இல்லை. பிப்ரவரி கடைசியில் தனிப்பாடல் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது மிஸ்டர் பிக் குழுவின் 'டு பி வித் யூ'. கிளாம் காலத்து நீண்ட முடிக்காரர்கள் பாடிய மெல்லிய காதல் பாட்டு அது. மூன்று வாரம் அங்கேயே இருந்தது. நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' அதே பட்டியலில் ஆறாம் இடத்தைத் தாண்டியதில்லை. மார்ச் 31 அன்று டெஃப் லெப்பர்டின் 'அட்ரினலைஸ்' வெளிவந்தது. நேராக முதலிடத்தில் நுழைந்து ஐந்து வாரம் இருந்தது. செத்துப்போனதாகச் சொல்லப்படும் இசை, கொன்றதாகச் சொல்லப்படும் ஆல்பத்தைவிட இரண்டரை மடங்கு காலம் உச்சியில் இருந்திருக்கிறது.

1991இல் உண்மையாகவே ஒரு புரட்சி நடந்தது. அதைச் செய்தது எந்தக் குழுவும் அல்ல. அதுவரை பில்போர்டு பட்டியல், கடைக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்து எது நன்றாக விற்கிறது என்று கேட்டுத் தயாரிக்கப்பட்டது. கடைக்காரரின் ரசனை, மறதி, ஆல்பம் நிறுவனத்தாரின் உபசாரம் எல்லாம் அந்தப் பதிலில் கலந்திருக்கும். மே 25 தேதியிட்ட பட்டியலிலிருந்து சவுண்ட்ஸ்கேன் முறை வந்தது. கல்லாவில் பட்டைக்குறியை வருடும்போதே விற்பனை பதிவானது. ராப், நாட்டுப்புறம், மெட்டல் ஆகியவை எவ்வளவு விற்கின்றன என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஜூனில் ஸ்கிட் ரோவின் 'ஸ்லேவ் டு தி கிரைண்ட்' நேராக முதலிடத்தில் இறங்கியது. அதைத் தொடர்ந்து வான் ஹேலன், ஆகஸ்டில் மெட்டாலிகா, செப்டம்பரில் கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் 'யூஸ் யுவர் இல்யூஷன்' இரண்டாம் பாகம்.

இந்த வரிசையைக் கூர்ந்து கேட்டால் இன்னொன்றும் புரியும். ஸ்கிட் ரோவின் முதல் ஆல்பத்தைவிட இரண்டாவது முரட்டுத்தனமானது. மோட்லி க்ரூவின் 'டாக்டர் ஃபீல்குட்' ஆல்பத்தைத் தயாரித்த பாப் ராக், மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பத்துக்கும் தயாரிப்பாளரானார். கிளாமின் மெருகைக் கனத்த இசையின் மேல் ஏற்றினார். கணினிக் கணக்கு வந்த பிறகு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் அதுவே. ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கும் மேல். கேட்பவர்களின் காது சியாட்டிலைக் கேட்கும் முன்பே மாறத் தொடங்கிவிட்டது.

கிளாம் மெட்டல் சரியவே இல்லை என்று இங்கே வாதிடவில்லை. சரிந்தது. அது உள்ளிருந்தே நடந்தது. பான் ஜோவியும் டெஃப் லெப்பர்டும் கோடிக்கணக்கில் விற்றதைக் கண்ட நிறுவனங்கள், லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் தெருவில் முடி வளர்த்தவரையெல்லாம் ஒப்பந்தம் செய்தன. ஆல்பத்துக்கு ஒரு மென்காதல் பாட்டு கட்டாயம் என்ற சூத்திரம் உருவானது. பாய்சன் 1988இல் அதை வைத்து முதலிடம் பெற்றது; அடுத்த ஆண்டே வாரண்ட் இரண்டாமிடம் வரை போனது. 1990இல் கேட்பவருக்கு ஒரு குழுவையும் இன்னொரு குழுவையும் பிரித்தறியக் காரணம் இல்லாமல் போயிற்று. அதோடு ஆட்களும் உடைந்தார்கள். பாய்சனின் கிதார் கலைஞர் சி.சி. டெவில் 1991இல் வெளியேற்றப்பட்டார். மோட்லி க்ரூவும் பாடகர் வின்ஸ் நீலும் 1992 தொடக்கத்தில் பிரிந்தனர். சிண்டரெல்லாவின் டாம் கீஃபருக்குக் குரல்நாண் பாதித்துப் பாட முடியாமல் போனது. ராட் கலைந்தது. இவற்றில் ஒன்றுகூட நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனின் கைவேலை அல்ல.

கொலைக் கதைக்கு எதிரிகள் தேவை. அதனால் சியாட்டில்காரர்களும் மெட்டல்காரர்களும் இரண்டு இனங்களாகக் காட்டப்படுகிறார்கள். நிஜத்தில் அவர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சியாட்டில் குழுவான ஆலிஸ் இன் செயின்ஸின் பாடகர் லேன் ஸ்டேலி அதற்கு முன் பாடியது கிட்டத்தட்ட அதே பெயர் கொண்ட ஒரு கிளாம் குழுவில். 1991இல் ஆலிஸ் இன் செயின்ஸ் சுற்றுப்பயணம் போனது ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் ஆகிய மெட்டல் குழுக்களோடு. இன்னொரு சியாட்டில் குழுவான சவுண்ட்கார்டனுக்கு முதலில் கிடைத்த கிராமி பரிந்துரை மெட்டல் பிரிவில்; அவர்கள் கன்ஸ் அன்ட் ரோசஸுக்கு முன் மேடையேறிப் பாடியவர்கள். பின்னாளில் பேர்ல் ஜாமைத் தொடங்கிய ஸ்டோன் கோஸார்டும் ஜெஃப் ஏமென்டும் அதற்கு முன் இருந்தது மதர் லவ் போனில். அதன் பாடகர் ஆண்ட்ரூ வுட் பளபளப்பையும் ஒப்பனையையும் ஒளிக்காமல் நேசித்தவர்.

'நெவர்மைண்ட்' ஆல்பமே இதற்குச் சாட்சி. புட்ச் விக் பதிவு செய்ததை ஒலிக்கலவை செய்தவர் ஆண்டி வாலஸ். ஸ்லேயரின் ஆல்பங்களில் அவர் செய்த வேலையைப் பார்த்துத்தான் நிர்வாணா அவரைத் தேர்ந்தெடுத்தது. டிரம்ஸ் அறைகிறது, கிதார் பளபளக்கிறது. பங்க் ஆல்பத்தைவிட மோட்லி க்ரூ ஆல்பத்துக்கே இது நெருக்கம் என்று கோபேன் பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த ஆல்பத்துக்கு, மெருகற்ற ஒலிக்குப் பெயர்பெற்ற ஸ்டீவ் அல்பினியைத் தேடிப் போனதும் அந்த உறுத்தலால்தான்.

நிறுவனங்களின் பங்கு பேசப்படுவதே இல்லை. 'யூஸ் யுவர் இல்யூஷன்' ஆல்பத்தை வெளியிட்டது கெஃபன். ஒரு வாரம் கழித்து 'நெவர்மைண்ட்' வெளியிட்ட டி.ஜி.சி. அதே கெஃபனின் கிளை. வாரண்டும் ஆலிஸ் இன் செயின்ஸும் கொலம்பியாவின் கூரைக்கடியில் இருந்தவர்கள். கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் சம்பளம் போட்டது ஒரே முதலாளி. 1992க்குப் பிறகு விளம்பரப் பணத்தை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திருப்பியதும், எம்.டி.வி.யில் எந்தக் காணொளி ஓடும் என்று தீர்மானித்ததும் இசைக் கலைஞர்கள் அல்ல. ஒப்பந்தம் இழந்த குழுக்களைக் கேட்டவர்கள் கைவிட்டார்கள் என்பதைவிட அலுவலகங்கள் கைவிட்டன என்பதே பொருத்தம்.

கனத்த இசையும் ஒழியவில்லை. 1980களில் கிளாம் உடுப்பில் திரிந்த பண்டேரா, அந்தக் கோலத்தைக் களைந்து கரடுமுரடாக மாறி, 1994 மார்ச்சில் 'ஃபார் பியாண்ட் டிரிவன்' ஆல்பத்தோடு நேராக முதலிடத்தில் நுழைந்தது. கிரன்ஜ் என்று பெயர் பெற்ற சியாட்டில் இசையின் அலை உச்சத்தில் இருந்த காலம் அது.

கிளாமின் உயிர்நாடி பல்லவி: கூட்டமே சேர்ந்து கத்தக்கூடிய, அடுக்கடுக்காகக் குரல்கள் ஏற்றிய பல்லவி. அது எங்கே போயிற்று என்பதற்குத் தடயங்கள் உண்டு. டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா'வைத் தயாரித்த மட் லாங், 1997இல் ஷானியா ட்வைனின் 'கம் ஆன் ஓவர்' ஆல்பத்தைத் தயாரித்தார். நாட்டுப்புறப் பெயரில் வந்த அந்த ஆல்பத்தின் குரலடுக்குகள் 'ஹிஸ்டீரியா'வின் குரலடுக்குகளே. அமெரிக்காவில் மட்டும் 2 கோடிப் பிரதிகள் விற்றன. ஸ்வீடனில் 'இட்ஸ் அலைவ்' என்ற கிளாம் மெட்டல் குழுவில் பாடிய இளைஞர் ஒருவர், குழுவை விட்டுவிட்டுப் பாட்டெழுத உட்கார்ந்தார். அவர் மேக்ஸ் மார்ட்டின். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், பிரிட்னி ஸ்பியர்ஸ், கேட்டி பெர்ரி, டெய்லர் ஸ்விஃப்ட் என்று அவர் எழுதிக்கொடுத்த பாடல்கள் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை இருபதுக்கும் மேற்பட்ட முறை பிடித்திருக்கின்றன.