முகத்திற்கு மாலை, வாய்க்குப் பூட்டு

ஜெர்மானிய எழுத்தாளர்களின் முகம் வார்த்த வெண்கலப் பதக்கங்களைத் தேடிச் சேர்ப்போர், தாங்கள் இலக்கியத்திற்குத் தொண்டு புரிவதாகச் சொல்லிக்கொள்கின்றனர். தொண்டா அது? பதக்கத்தின் விட்டம் தெரியும், எடை தெரியும், விலை தெரியும். அதிலுள்ளவர் என்ன எழுதினார் என்று கேட்டால் மட்டும் வாய் திறவார். அத்தகைய அன்பர்களை நோக்கியே இதனை எழுதுகின்றோம்.

பதக்கக் கலையை நாம் இகழவில்லை. எஃகு அச்சில் அடிப்பவை ஆயிரமாயினும் ஒன்றுபோல் இருக்கும். வார்ப்புப் பதக்கமோ அப்படியன்று. மெழுகிலோ களிமண்ணிலோ முகத்தைச் சமைத்து, அச்செடுத்து, உருக்கிய வெண்கலத்தை ஊற்றி, பின் உளிகொண்டு சீர்செய்வதால் ஒன்றைப்போல் மற்றொன்று முற்றிலும் இராது. பிரெஞ்சுச் சிற்பி டாவிட் தாஞ்ஜெர் இம்முறையில் 500-க்கு மேற்பட்ட முகங்களைப் படைத்தவர். 1829-இல் வைமார் நகர் சென்று, 80 வயது கோதேயை நேரிற் கண்டு அவர் முகத்தை உருவாக்கினார். கோதே தாமும் பழம் பதக்கங்களைச் சேர்த்தவரே. ஆகவே சேகரிப்பதே குற்றமென்று எவரும் சொல்லார்.

வெண்கலம் ஆறும்போது சுருங்கும். பழம் பதக்கத்தையே மாதிரியாக வைத்து மறுபடி வார்த்தால், போலியானது மூலத்தினும் சற்றுச் சிறிதாகும். அதனாற்றான் அளவுகோலும் கையுமாகத் திரிகின்றனர். அளக்கட்டும், யார் வேண்டாமென்றார்? வெண்கலத்தின் சுருக்கத்தை அளக்கத் தெரிந்தவர்க்கு மரியாதையின் சுருக்கத்தை அளக்கத் தெரியாமற் போனதே வியப்பு! (வியாபாரியை நோவானேன்? அவன் விற்பது உலோகம்.)

ஹைனேயைப் பாருங்கள். 1797-இல் டுஸெல்டார்ப் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்த கவி. 1834-இல் அவர் முகத்தைப் பதக்கமாக்கியவர் மேற்சொன்ன பிரெஞ்சுக்காரரே. பிறந்த நகரமோ, அவர் 1856-இல் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நினைவுச்சின்னத்திற்கு இடந்தர மறுத்தது. அந்நகருக்கென்று எண்ணிய பளிங்குச் சின்னம் கடல் கடந்து, 1899-இல் நியூயார்க்கில் திறக்கப்பெற்றது. 1933-ஆம் ஆண்டு நாஜிகள் மூட்டிய தீயில் அவர் நூல்களும் வெந்தன. "ஜெர்மானிய எழுத்தாளர் வரிசை" என்று பெட்டிக்குப் பெயரிட்டு, அதில் ஹைனேக்கு இடம் வையாதவன் எதைச் சேகரிக்கிறான்?

முகத்தை மதிப்பது நூலை மதிப்பதற்கு முதற்படியன்றோ என்பர் சிலர். படியேறியவரைக் காட்டுங்கள், பார்ப்போம்! ஷில்லர் பிறந்த 175-ஆம் ஆண்டு விழாவை 1934-இல் ஹிட்லர் ஆட்சி ஆரவாரத்தோடு கொண்டாடியது. கொடுங்கோலனை அம்பெய்து வீழ்த்தும் வீரனைக் காட்டும் அவருடைய 'வில்லியம் டெல்' நாடகத்தை 1941-இல் அதே ஆட்சி மேடையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் விரட்டியது. விழா எடுத்த கைகளே தடையும் எழுதின. முகம் அவர்களை உறுத்தவில்லை, வசனம் உறுத்திற்று.

ஷில்லர் பதக்கம் வைத்திருப்போர் அந்நாடகத்தின் ஒரு பிரதியை அதே அலமாரியில் வைக்கட்டும். 1804-இல் வெளிவந்த நூல் அது. பல மொழிகளிற் கிடைக்கின்றது. பதக்கத்தின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.