பட்டாளத்துத் தாத்தாக்கள்



கேப்டன் டாம் மூரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கொரோனா ஊரடங்கில், தன் நூறாவது பிறந்த நாளுக்குள் வாக்கரைப் பிடித்தபடியே வீட்டுத் தோட்டத்தில் நூறு சுற்று நடந்து, பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக்கு நிதி திரட்டிய பெரியவர். ஆயிரம் பவுண்டு சேர்ந்தால் போதும் என்றுதான் 2020 ஏப்ரலில் நடக்கத் தொடங்கினார். சேர்ந்தது 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கும் மேல். அந்த ஜூலையில் வின்ட்சர் கோட்டையில் எலிசபெத் அரசி அவருக்கு 'சர்' பட்டம் சூட்டினார். அடுத்த பிப்ரவரி 2-ஆம் தேதி கொரோனாவே அவரைக் கொண்டுபோய்விட்டது.

எனக்கு அந்தத் தொகையைவிட அந்த வீட்டின் மீதுதான் கண் போகிறது. மனைவி மறதி நோயோடு காப்பகத்தில் இருந்த காலத்தில் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். 2006-இல் மனைவி இறந்த பிறகு, பெட்ஃபோர்ட்ஷயரில் மார்ஸ்டன் மோர்டெய்ன் என்ற கிராமத்துக்கு வந்து மகள், மருமகன், பேரன், பேத்தியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். 2018-இல் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது பார்த்துக்கொண்ட செவிலியர்களை அவர் மறக்கவில்லை. சுற்றுக்கு ஒரு பவுண்டு என்று வீட்டில் விளையாட்டாகப் பேசியதுதான் அந்த நடையாயிற்று. பிறந்த நாளுக்கு வந்து குவிந்த 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமான வாழ்த்து அட்டைகளைப் பிரித்து அடுக்கப் பேரனின் பள்ளிக்கூட மண்டபம் தேவைப்பட்டது. தாத்தாவுக்கு வந்த தபாலுக்காகப் பேரன் படிக்கும் பள்ளி கதவு திறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

(அவர் பெயரில் பிறகு தொடங்கிய அறக்கட்டளையின் நிர்வாகத்தில் குறைகள் இருந்ததாக, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஆணையம் 2024-இல் அறிக்கை தந்தது. நடந்து சேர்த்த அந்தப் பணம் அதில் சேராது. அது மருத்துவச் சேவைக்கான தொண்டு நிறுவனங்களுக்கே போனது.)

இவரை இந்தப் பக்கத்தில் நினைக்க இன்னொரு காரணம் உண்டு. யார்க்‌ஷயரில் பிறந்த அந்த இளைஞர் இரண்டாம் உலகப் போரில் வந்து இறங்கியது நம் நாட்டில். ராணுவத்தாருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு பர்மாவின் அரக்கான் காடுகளுக்குப் போனார். அவர் பணியாற்றிய 14-வது படையைத்தான் 'மறக்கப்பட்ட படை' என்பார்கள். ஐரோப்பியப் போர்முனைச் செய்திகளுக்கு நடுவே பர்மாவை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் படையின் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். இம்பால், கோஹிமா, ஐராவதிக் கரை என்று ரத்தம் சிந்தியவர்கள். பாலம் போட்டு, கண்ணிவெடி அகற்றி வழி திறந்தவர்களில் நம் மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களும் உண்டு. காட்டுக்குள் இருந்தவர்களுக்கு டகோட்டா விமானங்கள்தான் அரிசியும் குண்டும் போட்டன. டாம் மூரின் இறுதிச் சடங்கன்று வானில் பறந்து மரியாதை செய்ததும் ஒரு டகோட்டாதான்.

நம் பக்கத்தில் அப்படித் திரும்பி வந்தவர்கள் வயலைப் பார்த்து, பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்து, பெரும்பாலும் பேசாமலே போய்விட்டார்கள். 'மிலிட்டரி தாத்தா வீடு' என்று தெருவுக்கு அடையாளமாக நின்றதோடு சரி. அவர் எந்த ரெஜிமென்ட், எங்கே சண்டை போட்டார் என்று கேட்டால் வீட்டிலேயே பலருக்குத் தெரியாது. எனக்கு இது பெரிய இழப்பாகவே தோன்றுகிறது. பர்மாவுக்குப் போனவர்களில் இன்று மிச்சம் இருப்பவர்கள் மிகமிகக் குறைவு. 1962, 1965, 1971 போர்களைக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பட்டாளத்துத் தாத்தாவிடம் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். அவர் இல்லையென்றால் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், பாட்டியைக் கேளுங்கள். போர்க்களக் கதைதான் வேண்டும் என்பதில்லை. முகாமில் சாப்பிட்டது, வீட்டுக்குப் போட்ட கடிதம், பேரனுக்குச் சொல்லித்தந்த பாட்டு, எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். ஒரு புகைப்படமும் இருந்தால் நல்லது. அசலை வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு நகலை மட்டும் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்