"பீடி குடிப்பீர்களா?" – ஒரு கேள்வியும் நம் பதிலும்



சுகாதாரப் பணியாளர் படிவத்தோடு வீட்டுக்கு வருகிறார். சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்கிறோம். "பீடி, சிகரெட் உண்டா?" என்றதும் தடுமாறுகிறோம். அம்மா பக்கத்தில் நிற்கிறார், மனைவி எட்டிப் பார்க்கிறார். "அதெல்லாம் கிடையாதும்மா!" பீடிக்கட்டு சட்டைப் பையில்தான் இருக்கிறது.

இந்தச் சின்னப் பொய்யால் யாருக்கு நட்டம்? மத்திய அரசின் தொற்றா நோய்ப் படிவத்தில் தினமும் புகையிலை பயன்படுத்துபவருக்கு 2 மதிப்பெண் உண்டு. வயது, குடும்ப நோய் வரலாறு எல்லாம் சேர்ந்து மொத்தம் 4-ஐத் தாண்டினால், அவரை முதலில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். "இல்லை" என்றவர் அந்த வரிசையிலிருந்து தானே விலகிக்கொள்கிறார்.

உண்மை சொன்னதால் கிடைத்த பலனையும் பார்ப்போம். 1990-களில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் மருத்துவர் கஜலட்சுமி குழுவினர், இறந்துபோன ஆண்கள் சுமார் 43,000 பேர் புகைத்தார்களா என்று அவர்கள் குடும்பத்தாரிடம் கேட்டறிந்தார்கள். உயிரோடிருந்த 35,000 பேருடன் ஒப்பிட்டார்கள். 2003-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பீடி என்றால் புற்றுநோய் என்றே நினைத்திருந்தோம். ஆனால் ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறக்குறைய பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்று தெரிந்தது. துக்க வீட்டார் மறைக்காமல் சொன்ன பதில்கள் அவை.

2009-10-க்கும் 2016-17-க்கும் இடையே இந்தியாவில் புகையிலைப் பழக்கம் 34.6-லிருந்து 28.6 விழுக்காடாகக் குறைந்தது. தமிழகத்திலோ 16.2-லிருந்து 20 ஆகக் கூடியது. இதைச் சொன்னதும் கணக்கெடுப்புதான்.

அரியலூர்ப் பக்கம் இது இன்னும் முக்கியம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்ட் ஆலையிலும் வேலை செய்கிறவரின் நுரையீரலில் தூசியும் சேர்கிறது, புகையும் சேர்கிறது. புகைப்பவர் யார் என்று தெரியாமல், தூசி செய்த கெடுதல் எவ்வளவு என்று எந்த மருத்துவரும் பிரித்துச் சொல்ல முடியாது. பீடியை மறைக்கும் தொழிலாளி, தூசிக்கு எதிரான தன் சாட்சியையும் சேர்த்தே மறைக்கிறார்.

வீட்டார் முன் சொல்லக் கூச்சமா? "திண்ணைக்கு வாங்க, தனியாகச் சொல்கிறேன்" என்று கேளுங்கள், தவறில்லை. வீட்டாரும் அந்த ஐந்து நிமிடம் ஒதுங்கி நிற்கலாம். பெரியவர்களின் மூக்குப்பொடி, வெற்றிலையோடு போடும் புகையிலை ஆகியவையும் கணக்கில் வர வேண்டியவையே. விட நினைப்பவர்களுக்கு 1800 112 356 என்ற கட்டணமில்லா எண் 2016 முதல் இருக்கிறது.