அம்பயர் சட்டையில் யார் பெயர்?

போன மாதம் எங்கள் கல்லூரியில் துறைகளுக்கு இடையே டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடந்தது. எங்கள் காமர்ஸுக்கும் இயற்பியலுக்கும் மேட்ச். அம்பயருக்கு ஆள் இல்லை என்று என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். நானும் யோசிக்காமல் வகுப்பு டி-ஷர்ட்டோடு போய் நின்றுவிட்டேன். முதுகில் கொட்டை எழுத்தில் 'பி.காம்'. கடைசி ஓவரில் ஒரு ரன் அவுட். இரண்டடி வித்தியாசம், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். விரலைத் தூக்கினேன். "சட்டையைப் பார்த்தாலே தெரியுதே!" என்றான் அவுட்டான இயற்பியல் பையன்.

தீர்ப்பு சரிதான். ஆனால் அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடுவர் உடை என்றாலே இஸ்திரி, ஷூ பாலிஷ் பற்றித்தான் பேசுகிறார்கள். அதுவா முக்கியம்? கால்பந்து நடுவர்கள் வெகுகாலம் கறுப்பில் இருந்தார்கள். 1992-ல் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் தொடங்கியபோது பச்சைச் சட்டை வந்தது, 1994 உலகக் கோப்பையில் வேறு நிறங்களும் வந்தன. நிறம் எதுவானாலும் பரவாயில்லை, இரண்டு அணியோடும் ஒட்டாமல் இருந்தால் போதும். கிரிக்கெட்டில் வெள்ளைப் பந்து வந்ததும் அம்பயரின் வெள்ளைக் கோட் போனது. பின்னால் வெள்ளை நின்றால் பேட்ஸ்மேனுக்குப் பந்து தெரியாதே. அதுவும் நியாயமான காரணம்தான்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன் (தூங்கிவிடாதீர்கள் :-) ). ஆடிட்டர் மனதளவில் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, பார்ப்பவருக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்று ஆடிட்டிங் புத்தகம் சொல்கிறது. ஒரு கம்பெனியில் ஒரே ஒரு ஷேர் வைத்திருந்தாலும் அந்தக் கம்பெனிக்கு அவர் ஆடிட்டராக முடியாது. ஒரு ஷேருக்காக யார் பொய்க்கணக்கு எழுதப் போகிறார்கள்? ஆனாலும் சட்டம் அப்படித்தான்.

2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது அம்பயர் சட்டையில் இருந்தது கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ். 5 வருடத்துக்கு 106 கோடி ரூபாய் ஒப்பந்தம். அதே விஜய் மல்லையாவின் குழுமம்தான் பெங்களூர் ராயல் சேலஞ்சர்ஸுக்கும் சொந்தக்காரர்! அணி முதலாளியின் கம்பெனிப் பெயரை மார்பில் மாட்டிக்கொண்டு, அவர் அணி ஆடும் மேட்சில் எல்.பி.டபிள்யூ. கொடுக்க வேண்டும். அதனால் எந்த அம்பயராவது தப்பாகக் கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அப்படி எதுவும் இல்லை. ஆனால் தோற்ற அணியின் ரசிகன் சட்டையைக் காட்டிக் கேட்டால் அந்த மனிதர் என்ன பதில் சொல்வார்?

விளம்பரமே கூடாது என்று காமர்ஸ் படிக்கும் நானே சொன்னால் சிரிப்பார்கள். ஐ.சி.சி. அம்பயர்கள் எமிரேட்ஸ் பெயரோடு பல வருடமாக நிற்கிறார்கள். அந்த விமான நிறுவனத்துக்கு ஆடுகிற நாடு எதுவும் சொந்தமில்லையே, இருந்துவிட்டுப் போகட்டும். அணி வைத்திருப்பவர், அணியின் ஸ்பான்சர், இவர்கள் பெயர் மட்டும் நடுவர் மேல் வேண்டாம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

அடுத்த மேட்சுக்கு ஹாஸ்டல் நண்பனிடம் வெறும் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். கசங்கியிருந்தது, பாக்கெட்டில் இங்க் கறை வேறு. அன்றைக்கு இரண்டு எல்.பி.டபிள்யூ. கொடுத்தேன். ஒன்று கொஞ்சம் சந்தேகம்தான். பையன் முறைத்துவிட்டுப் போய்விட்டான்.