கண்ணாடி இல்லாத கேமராவில் பழைய கண்ணாடி

தலைப்பைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் தமிழைத்தான் நொந்துகொள்ள வேண்டும். முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கின்மேல் மாட்டிக்கொள்வதும் கண்ணாடி, சன்னலில் பதிப்பதும் கண்ணாடி. ஸ்ரீரங்கத்தில் உற்சவ நாட்களில் நம்பெருமாள் எழுந்தருளும் இடத்துக்குக் கண்ணாடி அறை என்றே பெயர். ஆகவே 'மிரர்லெஸ்' என்பதைக் கண்ணாடியில்லாத கேமரா என்று பெயர்த்தால், லென்ஸே இல்லாத கேமரா போலும் என்று ஒருவர் நினைப்பதில் தவறில்லை. பிம்பம் காட்டுவதற்கு 'ஆடி' என்றொரு பழஞ்சொல் இருக்கிறது. ஆனால் 'ஆடியிலி' என்று எழுதினால் மாதத்தின் பெயர் குறுக்கே வந்து நிற்கும். எனவே மிரர்லெஸ் என்றும் லென்ஸ் என்றுமே எழுதுகிறேன். தனித்தமிழ் நண்பர்கள் பொறுத்தருள்க.

விஷயம் இதுதான். திருச்சியில் படம் பிடிப்பதில் ஈடுபாடுள்ள இளைஞர்கள் சிலர் இப்போது புதிய மிரர்லெஸ் கேமராவின் முன்னால் நாற்பது ஐம்பது ஆண்டுப் பழைய லென்ஸைப் பொருத்திக்கொண்டு காவிரிப் பாலத்திலும் சித்திரை வீதிகளிலும் நடக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே ஓர் உலோக வளையம். அதைத்தான் அடாப்டர் என்கிறார்கள். இப்பழக்கத்தை முழுமனத்தோடு ஆதரிக்கிறவன் நான். ஆனால் அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வழக்கைத்தான் இங்கே வைக்க வந்தேன்.

முதலில் அந்த வளையம். அதனுள்ளே ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சாய்ந்து நிற்கும் ஓர் ஆடி உண்டு. அது எழும்பி இறங்க இடம் வேண்டும். அதற்காக, லென்ஸ் வந்து பொருந்தும் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை எம்42 என்ற திருகு வகையில் 45.46 மில்லிமீட்டர், மினோல்டாவில் 43.5, நிக்கானில் 46.5 என்று தூரம் வைத்தார்கள். மிரர்லெஸ்ஸில் ஆடி இல்லாததால் இத்தூரம் ஸோனியில் 18, ஃபியூஜியில் 17.7, நிக்கானின் இஸட் வகையில் 16 என்று சுருங்கிவிட்டது. 45.46இலிருந்து 18 போனால் 27.46. அந்த நீளத்துக்கு ஓர் ஓட்டைக் குழாய் செய்து நடுவில் வைத்துவிட்டால், லென்ஸ் தன் பழைய வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

மிரர்லெஸ்ஸுக்கு முந்தைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.கள் எல்லாவற்றிலும் இதைச் செய்ய முடியவில்லை. கேனானில் தூரம் 44 என்பதால் எம்42 லென்ஸுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளையம் போதுமானதாக இருந்தது. நிக்கானிலோ அந்த லென்ஸ் பொருந்தும்போதே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. அருகிலிருப்பது தெளியும்; தொலைவிலிருப்பது எவ்வளவு திருகினாலும் தெளியாது. சரிசெய்ய வேண்டுமானால் வளையத்துக்குள் இன்னொரு சில்லைப் பதிக்க வேண்டும், அது படத்தைக் கெடுக்கும். ஒரே ஒரு மில்லிமீட்டர்! பொதுச் சந்தைக்கு வந்த முதல் மிரர்லெஸ்ஸான பானஸோனிக் ஜி1 வெளியானது 2008ஆம் ஆண்டின் பின்பகுதியில். சுஜாதா அவ்வாண்டு பிப்ரவரியில் மறைந்துவிட்டார். சற்று முன்னதாக வந்திருந்தால், ஸ்ரீரங்கத்துக்காரரான அந்தப் பொறியாளர் இந்த ஓட்டைக் குழாயை அரைப் பத்தியில் விளக்கிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். எனக்கு இரண்டு பத்தி ஆயிற்று.

வளையத்தின் கனம் இம்மியும் பிசகக் கூடாது என்பது இலக்கணம். நடைமுறையில் பிசகும். மலிவான வளையங்கள் பெரும்பாலும் தெரிந்தே மயிரிழை மெல்லியதாகக் கடையப்படுகின்றன. தடித்துவிட்டால் தொலைவு தெளியாது. மெலிந்தால் முடிவிலியைத் தாண்டியும் லென்ஸ் திரும்பும், அவ்வளவே. இதைச் சோதிக்கத் திருச்சிக்காரர்களுக்கு நல்ல வசதி இருக்கிறது. காலை வெயிலில் காவிரிப் பாலத்தில் நின்று மலைக்கோட்டையை நோக்கித் திருகிப் பாருங்கள். உச்சிப்பிள்ளையார் கோயிலின் விளிம்பு லென்ஸில் பொறித்த முடிவிலிக் குறியில் தெளிகிறதா, அதற்குச் சற்று முன்பே தெளிகிறதா என்பது தெரிந்துவிடும். முன்பே தெளிந்தால், அந்த லென்ஸில் பொறித்துள்ள தூர எண்கள் எதையும் அப்படியே நம்புவதற்கில்லை. இந்தச் சிறு விஷயம் பின்னால் தேவைப்படும்.

இனி வழக்கு. ஏன் பழைய லென்ஸ் என்று கேட்டால் வருகிற பதில் 'கேரக்டர்' என்பது. ரஷ்ய ஸெனித் கேமராக்களோடு வந்த ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ் இவர்களுடைய குலதெய்வம். அதன் துளையை முழுதும் திறந்து, பின்னணியில் மரக்கிளைகள் இருக்கும்படி ஒருவரை நிறுத்தினால், அவரைச் சுற்றி இலைகளெல்லாம் சுழல்வதுபோலப் படம் வரும். முதல் முறை பார்க்கையில் அழகாகத்தான் இருக்கிறது. நூறாவது படத்திலும் அதே சுழல். பின்னால் இருப்பது ஆயிரங்கால் மண்டபமா, அம்மா மண்டபத்துப் படித்துறையா, வேறேதோ ஊரின் பூங்காவா என்பது தெரியாது. ஸ்ரீரங்கத்துக்குப் போய் ஸ்ரீரங்கம் தெரியாமல் படம் எடுத்துவர இவ்வளவு பிரயாசை எதற்கு?

அந்தச் சுழல் ஒரு பிழை. ஓரங்களில் சாய்ந்து வரும் ஒளியைச் சரியாகக் கூட்ட முடியாமல் போனதன் விளைவு. ஹீலியோஸின் மூலம் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தார் வடிவமைத்த பயோட்டார் என்ற லென்ஸ். கணினி இல்லாத காலத்தில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு அவர்கள் குறைக்கப் பார்த்ததும் குறைக்க முடியாமல் விட்டதும் அந்தப் பிழைதான். துளையை எஃப் 5.6க்கோ 8க்கோ சுருக்கினால் சுழல் அடங்கிவிடும். அவர்கள் அடைய விரும்பிய தெளிவு அப்போது வெளிவரும். பழைய லென்ஸ்காரர்களை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர்கள் வெட்கப்பட்டதை மட்டும் எடுத்துக் கொண்டாடுவது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

நம் ஊரிலேயே இதற்கொரு முன்னோடி உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1857 இறுதியில் தொடங்கிய ஒரு நீண்ட பயணத்தில் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றிப் படமெடுத்தார். ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் தனித்தனிப் படத்தொகுப்புகள் 1858ஆம் ஆண்டிலேயே வெளியாயின. அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அக்காலத்து ரசாயனத்துக்கு நீலத்தின்மேல் அளவுகடந்த மோகம். ஆகவே வானம் வெறும் வெள்ளையாக விழுந்துவிடும். டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவின்மேல் தன் கையாலேயே மேகங்களை வரைந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை எழுத்து எழுத்தாகத் தெரியும்படி எடுக்க 21 நெகட்டிவ்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளப் படம் உண்டாக்கினார். தன் கருவியின் குறையோடு மல்லுக்கு நின்ற மனிதர் அவர். 1859இல் ஆளுநராக வந்த டிரவெல்யன் இதெல்லாம் அரசின் நிதி நிலைமைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதியதால் அவர் பணி முடிவுக்கு வந்தது. (நிதித்துறைக்காரர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான்.) இன்று ஒருவர் கணினியில் அதே வெள்ளை வானத்தையும் கறையையும் செயற்கையாகச் சேர்த்து, பழைமை என்று பெயர் சூட்டுகிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குறை சில சமயம் ஒத்தாசை செய்யும். பழைய லென்ஸ்களின் மேற்பூச்சு எளிமையானது, உள்ளே ஒளி சற்றுச் சிதறும். சித்திரை மாதத்துப் பதினோரு மணி வெயிலில் வெள்ளை வேட்டியும் கருங்கல் தூணும் ஒரே சட்டத்துக்குள் வரும்போது, அந்தச் சிதறல் நிழலுக்குள் கொஞ்சம் வெளிச்சம் கசியவிடும். புதிய லென்ஸின் கறார் அந்நேரத்தில் கண்ணை உறுத்துகிறது என்பார்கள். எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு.

அப்படியானால் நான் ஆதரிப்பது எதற்காக? முதற்காரணம் பணம்தான், இதைச் சொல்ல ஏன் கூச்சப்படுகிறார்களோ தெரியவில்லை. புதிய லென்ஸ் ஒன்றின் விலையில் சிறு குடும்பம் பல மாதம் சாப்பிடலாம். வளையமோ ஓரிரு ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. லென்ஸ் பெரும்பாலும் உறவினர் எவருடைய அலமாரியிலாவது சும்மா கிடக்கிறது. என் பெரியப்பாவின் ஸெனித், சுருக்குப் பைகளுக்கும் ரேஷன் கார்டுகளுக்கும் நடுவே இருபது ஆண்டு கிடந்தது. அக்கேமராவுக்கு ஃபிலிம் கழுவித் தந்த கடைகள் போய்விட்டன. ஊட்டியில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. மொத்தச் சங்கிலியில் இன்னும் வேலை செய்யத் தயாராக இருப்பது லென்ஸ் ஒன்றுதான். அதைப் பழைய இரும்போடு எடைக்குப் போடுகிற வீடுகளை அறிவேன். தமிழகத்து ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கிக் காத்திருக்கிறார்கள், போற்றத்தக்க பணி. அப்படங்களை உண்டாக்கிய லென்ஸ்களைப் பற்றி அப்படியொரு பேச்சில்லை. அவற்றைக் காப்பாற்ற வேறு வழியும் தேவையில்லை என்று நினைக்கிறேன், பயன்படுத்தினால் போதும்.

பயன்படுத்துவதில் ஒரு தொல்லை உண்டு. எளிய மிரர்லெஸ்களில் உள்ள சென்ஸார், ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போல நடந்துகொள்ளும். முகங்களுக்கு அது நல்லது, கோபுரத்துக்கு ஆகாது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி. கேமராவைக் குத்துவாக்கில் பிடித்தாலும், அக்கோபுரம் முழுதும் சட்டத்துக்குள் அடங்க ஏறக்குறைய நூற்றைம்பது மீட்டர் பின்வாங்க வேண்டும். அதற்குள் பஸ்ஸும் மின்கம்பியும் விளம்பரத் தட்டியும் குறுக்கே வந்துவிடும். அகலக்கோண லென்ஸ்களில் பழையவை பலவீனமானவை; அங்கே புதியதை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். (அந்தக் கோபுரமே நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற அடித்தளத்தின்மேல் 1987இல் பதின்மூன்று நிலையாக நிறைவடைந்தது. பழையதோடு புதியதைப் பொருத்துவதில் ஸ்ரீரங்கத்துக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை.)

இரண்டாவது காரணம் எனக்குப் பணத்தைவிட முக்கியமானது. அம்மா மண்டபத்தில் திதி கொடுக்க வருகிறவர்களை நீண்ட லென்ஸ் வைத்து மறுகரைப் பறவையைப் பிடிப்பதுபோலப் பிடிக்கிறார்கள். தந்தையை இழந்து பத்து நாளான ஒருவருடைய முகம், அவர் அறியாமல், யாரோ ஒருவரின் படப் போட்டிக்குப் போகிறது. பழைய 50 மி.மீ. லென்ஸோடு அது நடக்காது. அருகே போக வேண்டும். கையால் திருக வேண்டும். திரையில் பெரிதாக்கித் தெளிவைப் பார்க்க வேண்டும். அதற்குள் அவர் நிமிர்ந்து பார்த்துவிடுவார். பார்த்துவிட்டால் கேட்டாக வேண்டும். 'எடுக்கலாமா சுவாமி?' என்று கேட்டு, 'வேண்டாம்பா' என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு திரும்பிய நாட்கள் எனக்குப் பல உண்டு. எடுக்காமல் விட்ட படங்கள் என்று ஒரு கணக்கு ஏற்பட்டதே இந்த லென்ஸுக்குப் பிறகுதான்.

கள்ளத்தனம் செய்ய விரும்புகிறவர் பழைய லென்ஸிலும் செய்யலாம் என்பதை மறைக்கக் கூடாது. தூரத்தை எண்ணாகப் பொறித்திருப்பது அவற்றின் பெரும் வசதி. முழு அளவு சென்ஸாரில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் மூன்று மீட்டருக்கு வைத்துவிட்டால், சுமார் இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். இடுப்பளவில் வைத்துக்கொண்டு பார்க்காமலே அழுத்தலாம். வெள்ளை கோபுர வாசலில் பூக்கட்டுகிற வரிசையை இப்படி எடுத்தால் நன்றாகவே வரும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த மூன்று மீட்டர் உண்மையில் மூன்று மீட்டர்தானா என்பது வளையத்தின் கனத்தைப் பொறுத்தது. மலைக்கோட்டைச் சோதனையைச் சொன்னது அதற்காகத்தான்.

வீட்டில் பழைய லென்ஸ் இருப்பவர்களுக்குச் சில சொற்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல நரம்பு ஓடியிருந்தால் அது பூஞ்சை, மேற்பூச்சை அரித்துவிடும். தொடக்கத்தில் கவனித்தால் துடைக்கலாம், வேரூன்றினால் தடம் போகாது. கேமராவோடு வந்த தோலுறை அழகாக இருக்கும், ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சைக்குத் தாய்வீடாக இருப்பது அதுவே. உறையை ஞாபகார்த்தமாக வேறிடத்தில் வைத்துவிட்டு, லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பென்டாக்ஸின் பழைய 50 மி.மீ. எஃப் 1.4 டாகுமார் லென்ஸ்களில் சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கும். ஆண்டுகள் ஆக ஆகப் பழுப்பேறும். சில நாள் வெயில் காட்டினால் தெளிந்துவிடும், திருச்சியில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடிபோல அது எதன்மீதும் ஒளியைக் குவிக்காதபடி வையுங்கள்.

கேமராவின் பட்டியலில் 'லென்ஸ் இல்லாமல் இயங்கு' என்றொரு வரி இருக்கும். அதை இயக்கி வைக்காவிட்டால் பல கேமராக்கள் படமே எடுக்காது. அவற்றைப் பொறுத்தவரை முன்னால் எதுவும் மாட்டப்படவில்லை. அதே காரணத்தால், எடுத்த படத்தின் குறிப்பில் தேதியும் நேரமும் ஷட்டர் வேகமும் இருக்கும், லென்ஸின் பெயரும் துளை அளவும் இருக்கா. அவற்றை நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதி வருகிறேன்.